பாட்டில் பசுமைக்குடில்: கோக்கலாமா, விரிக்கலாமா, பதிக்கலாமா?

பழைய பாட்டில்களில் பசுமைக்குடில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே முறைதான்: அடியை அறுத்து, குச்சியில் கோத்து, வரிசையாக நிறுத்துவது. இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பெட் (PET) எனும் பிளாஸ்டிக் பாட்டிலை விரித்துத் தகடாக்கித் தைக்கலாம். கண்ணாடி பாட்டிலைச் சாந்தில் பதித்துச் சுவராக்கலாம். இவற்றில் எதைத் தேர்ந்தாலும் குடில் முழுவதையும் அதிலேயே முடித்துவிடலாம் என்று இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கூரைக்கு மூன்றுமே சரிப்படாது.

கோக்கும் முறை

2 லிட்டர் பெட் பாட்டிலின் விட்டம் சுமார் 11 செ.மீ. அடியின் வளைவு முடியும் இடத்தில், ஏறக்குறைய 5 செ.மீ. உயரத்தில், அறுக்க வேண்டும். மேல் பாட்டிலின் திறந்த அடி, கீழ் பாட்டிலின் தோளில் உட்காரும். ஒன்றுக்குள் ஒன்று போவதால் ஒரு பாட்டிலுக்கு 18 முதல் 20 செ.மீ. உயரம்தான் கிடைக்கும். ஆக 1.8 மீட்டர் சுவருக்கு ஒரு குச்சியில் 9 அல்லது 10 பாட்டில். ஒரு சதுர மீட்டருக்கு 45 முதல் 50. 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் அளவுள்ள குடிலில் கதவு போக நான்கு சுவரும் சுமார் 15 சதுர மீட்டர் வரும். அதற்கு 750 பாட்டில். அறுக்கும்போது வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

வாய் எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல மழைநீர் வெளிப்பக்கமாக வழியும். தலைகீழாகக் கோத்தால் ஒவ்வொரு பாட்டிலும் புனலாகி நீரைக் கீழே உள்ளதற்குள் ஊற்றும். சில வாரங்களில் உள்ளே பாசி படரும். மூடிகளைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள கடைசிப் பாட்டிலுக்கு மட்டும் மூடியில் துளையிட்டுக் குச்சியில் மாட்டலாம். வாயின் உட்புறம் 2 செ.மீ.க்குச் சற்றுத்தான் அதிகம். எனவே 10 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள மூங்கில் குச்சி போதும். கணுக்களைச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் பாட்டில் பாதியில் நிற்கும்.

ஒரே வடிவப் பாட்டிலாகச் சேர்ப்பதுதான் உண்மையில் கடினம். இடுப்பு குறுகியதும் நேரானதும் கலந்தால் பொருந்தாது. இடைவெளி வழியாகச் சூடு போய்விடும். கலந்துதான் கிடைக்கிறது என்றால், ஒரு குச்சிக்கு ஒரு வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழுவாமல் கோத்தால் மிச்சமிருக்கும் சர்க்கரைக்கு எறும்பு வரும். லேபிளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரியுங்கள். கொதிநீர் பட்டால் பாட்டில் சுருங்கிவிடும்.

சுவரை 1 மீட்டர் அகலச் சட்டங்களாகப் பிரித்துச் செய்வது நல்லது. கீழ் ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) துளையிட்டுக் குச்சியைச் செருகி, பாட்டில்களை அழுத்தி அடுக்கி, மேல் ரீப்பரால் பூட்டுங்கள். வெயிலில் அடுக்கு கொஞ்சம் இறங்கும் என்பதால் மேல் ரீப்பரைக் கழற்றக்கூடிய திருகால் பொருத்தினால் பிறகு ஒரு பாட்டில் சேர்க்கலாம். பாட்டில்கள் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ அளவுதான் இருக்கும். இந்த லேசான எடையே ஆபத்து: காற்று குடிலோடு தூக்கிவிடும். மூலைக் கால்கள் 50 செ.மீ.யாவது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

விரித்துத் தைக்கும் முறை

தலையும் அடியும் நீக்கினால் 34 செ.மீ.க்கு 16 செ.மீ. தகடு கிடைக்கும். 3 செ.மீ. மேற்பொருத்தம் விட்டால் சதுர மீட்டருக்கு 25 தகடுகள் போதும். பாட்டில் பாதியாகக் குறைகிறது. ஆனால் அதே பரப்புக்குச் சுமார் 11 மீட்டர் தையல் போட வேண்டும். கணக்கில் யாரும் சேர்க்காத செலவு இதுதான். தகடு பழைய உருண்டை வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். இஸ்திரிப் பெட்டியால் நிமிர்த்தலாம், ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் சுருண்டுவிடும். பருத்தி நூல் மக்கும், ஸ்டேப்ளர் முள் துருப்பிடிக்கும்; பாலியஸ்டர் நூல்தான் நிற்கும். தையல் துளைகள் நெருக்கமாக விழுந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். நாற்றுப் பெட்டியின் மூடிக்கு இது அருமையான வழி. முழுக் குடிலுக்கு? வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் சுவர்

7.5 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலை 9 செ.மீ.க்கு ஒன்றாகப் படுக்கவைத்துப் பதித்தால் சதுர மீட்டருக்கு 120 ஆகும். முழு நீளத்துக்கும் சாந்து வைத்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். அடித்தளம் கட்டாமல் எழுப்பினால் விரிசல் நிச்சயம். வெளிச்சமும் குறைவாகவே நுழையும், அதிலும் பச்சை, பழுப்பு நிறப் பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த எடை பகலில் சூட்டை வாங்கிவைத்து இரவில் விடும். குளிர் இரவுள்ள இடத்தில், வெயில் விழாத பின்பக்கச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டில் வேலை இல்லை. சுண்ணாம்புச் சாந்தோ மண் சாந்தோ நல்லது. செறிவான சிமென்ட் கலவை இறுகும்போது சுருங்கி வெடிக்கும். வாயை அடைத்துப் பதியுங்கள். உள்ளே நீர் நிரப்ப வேண்டாம், உறைந்தால் பாட்டில் உடையும்.

கூரை

பாட்டில் வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் சுவரில் காற்றை மட்டும் விடும், கூரையில் மழையையும் விடும். புற ஊதாக் காப்புள்ள 200 மைக்ரான் பாலித்தீனோ இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட்டோ போடுங்கள். மேலே திறக்கும் சன்னலின் பரப்பு தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதம் இருக்கட்டும்; 5 சதுர மீட்டர் தரைக்கு முக்கால் முதல் ஒரு சதுர மீட்டர்.

கூரைக்குப் பாலித்தீன் என்றால் சுவருக்கும் அதையே போடலாமே என்று கேட்பது நியாயம்தான். வேகமும் காற்றுப் புகாமையும் வேண்டுமென்றால் அதுவே மேல். கோத்த சுவரின் லாபம் பழுதுபார்ப்பதில் இருக்கிறது: விரிப்பு கிழிந்தால் பெரிய துண்டாக மாற்ற வேண்டும், இங்கே ஒரு குச்சியை மட்டும் உருவினால் போதும். ஆண்டுக்கொரு முறை வெயில் அதிகம் படும் பக்கத்தில் பாட்டிலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்து மீண்டால் சரி. வெண்கோடு விழுந்து நொறுங்கினால், துணுக்குகள் மண்ணில் சேரும் முன் அந்த வரிசையைக் கழற்றிவிடுங்கள்.