12 அடிப் படகுக்கு எது சரி: ட்ரோலிங் மோட்டாரா, டார்கீடோவா, பெட்ரோலா?

ட்ரோலிங் மோட்டாரை யாரும் படகின் முதன்மை இன்ஜினாக நினைத்துச் செய்யவில்லை. தூண்டிலை இழுத்தபடி மீன் கலையாமல் மெல்ல நகர்வதற்கான சின்ன மின்சார மோட்டார் அது. ஆனால் அமெரிக்காவில் பெட்ரோல் இன்ஜினுக்கு அனுமதி இல்லாத குடிநீர் ஏரிகள் நிறைய. அங்கே சின்ன அலுமினியப் படகு வைத்திருக்கும் பலருக்கு இருக்கும் ஒரே மோட்டார் இதுதான். ஜெர்மனியின் கோனிக்ஸ்ஸே ஏரியில் 1909 முதல் பயணிகள் படகுகளே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆக, மின்சாரத்தை நம்பிப் படகை இறக்கலாமா என்பது பழைய கேள்வி. எந்த மோட்டாரை நம்பி என்பதுதான் விஷயம்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பவுண்டு கணக்கு. மின்கோட்டா நிறுவனத்தின் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாரான எண்டூரா 55 பவுண்டு உந்துவிசை தரும். டார்கீடோ என்பது மின்சார அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் மாட்டும் முதன்மை மோட்டார்; அதன் டிராவல் 1003 மாடல் 68 பவுண்டு. கால் பங்குகூட வித்தியாசமில்லையே என்று தோன்றும். அந்த எண்ணைப் படகு நகராமல் நிற்கும்போது அளக்கிறார்கள். ஓடும் படகைப் பற்றி அது அதிகம் சொல்லாது. வாட்டைப் பாருங்கள். எண்டூரா முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும், அதாவது 600 வாட். டார்கீடோ 1000 வாட். பெட்ரோலில் ஓடும் ஹோண்டா பிஎஃப் 2.3 அவுட்போர்டு சுமார் 1700 வாட்.

ஆனாலும் அமைதியான தண்ணீரில் இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. 12 அடிப் படகு தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போக வேண்டுமானால் சக்தி பல மடங்கு வேண்டும். ட்ரோலிங் மோட்டார் 6 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் கொண்டுபோகும். அதன் ப்ரொபெல்லர் மெதுவான ஓட்டத்துக்கென்றே வடித்தது என்பதால், கூடவே இன்னொரு ட்ரோலிங் மோட்டாரை மாட்டினாலும் வேகம் பெரிதாக ஏறாது. எதிர்க்காற்றில்தான் சாயம் வெளுக்கும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அடித்தால், 600 வாட்டில் கரை நெருங்கவே நெருங்காது.

அப்புறம் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம். வேகமாக உறிஞ்சினால் அந்தப் பாதியும் முழுசாகக் கிடைக்காது. முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எடையோ 25 கிலோவுக்கு மேல். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு, முழு வேகத்திலேயே இரண்டு மணி நேரம் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும் என்பதுதான் மின் படகுக்காரர்களின் மூலதனம். ஆனால் ஐந்து நிலை சுவிட்ச் உள்ள மலிவு மாடல்கள் குறைந்த வேகத்தில் மிச்சத்தைச் சூடாக வீணாக்குகின்றன. நிலைகள் இல்லாமல் வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரி முனையில் இறக்கை நட்டைக் கையால் திருகி விட்டுவிடுவார்கள். 50 ஆம்பியர் ஓடும்போது அது தளர்ந்தால் முனையே உருகும். ஸ்பானரால் இறுக்குங்கள். பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் இருக்கட்டும்.

டார்கீடோவில் இந்தத் தலைவலி கிடையாது. 915 வாட்-மணி பேட்டரி மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருக்கும், மிச்சம் எவ்வளவு என்று திரையில் காட்டும். முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விலைதான் கையைச் சுடும். அந்தப் பணத்தில் ட்ரோலிங் மோட்டாரும் நல்ல லித்தியம் பேட்டரியும் வாங்கிவிடலாம்.

ஹோண்டாவின் பலம் பெட்ரோல் கேனில் இருக்கிறது. டேங்க் 1 லிட்டர்தான், ஆனால் நிரப்ப ஒரு நிமிடம். காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் இரைச்சல் அதிகம். ரிவர்ஸ் கியர் கிடையாது, இன்ஜினையே பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். பழைய பெட்ரோலை உள்ளேயே விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

என் தேர்வு: ஏரி, இரண்டு மூன்று கிலோமீட்டர், 12 அடிப் படகு என்றால் லித்தியத்தோடு ட்ரோலிங் மோட்டார், கூடவே ஒரு ஜோடி துடுப்பு. ஆற்று ஓட்டமோ ஓதமோ உள்ள இடத்தில் பெட்ரோல். டார்கீடோ, படகைக் காரில் ஏற்றி இறக்குபவருக்கு. உப்புத் தண்ணீரானால் சாதாரண எண்டூரா வேண்டாம். அதற்கென்றே மின்கோட்டாவின் ரிப்டைட் வரிசை இருக்கிறது.