அகார் குழியா, எம்ஐசி தட்டா? வண்டுகொல்லி இலையில் நான் பார்த்தது

படர்தாமரைக்கு வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். சீமை அகத்தி என்றும் சொல்வார்கள். நிழலில் உலர்த்திய இலைப்பொடியை முதலில் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஹெக்சேனிலும் அப்புறம் மெத்தனாலிலும் ஊறவைத்து இரண்டு சாறு எடுத்தேன். சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் சாக்ஸ்லெட் கருவியில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சாறு மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கும். அவசரமில்லை என்றால் ஊறவைப்பதே போதும்.

பூஞ்சையை அடக்குகிறதா என்று பார்க்கும் இடத்தில்தான் முறையை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊடகம்) குழி வெட்டிச் சாறு ஊற்றி, சுற்றிலும் வளர்ச்சி நின்ற வட்டத்தை அளக்கும் முறை மலிவு, எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். முப்பது செடிகளை முதல் சுற்றில் வடிகட்ட அது சரி.

நான் அதை விட்டதற்குக் காரணம் ஹெக்சேன் சாறு. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையைப் பரப்பிய தட்டில் அது குழியின் விளிம்பிலேயே எண்ணெய் வளையமாக நின்றுவிட்டது. சுற்றிலும் பூஞ்சை நன்றாக வளர்ந்திருந்தது. அகாரில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அதில் நகராது. ஆக, நாம் ஸ்கேல் வைத்து அளக்கும் வட்டத்தில் மருந்தின் வீரியத்தோடு அது ஊர்ந்துபோன தூரமும் கலந்திருக்கிறது. 'ஃபுளுகோனசோல் 22 மில்லிமீட்டர், என் சாறு 18, கிட்டத்தட்ட சமம்' என்று ஆய்வேடுகளில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். குழிக்குள் போனது மில்லிகிராம் கணக்கில் சாறு, ஒப்பிடும் பூஞ்சைக்கொல்லி மருந்தான ஃபுளுகோனசோலின் காகித வட்டில் இருப்பதோ 25 மைக்ரோகிராம்!

அடுத்தது எம்ஐசி தட்டு, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் முறை. அதே ஹெக்சேன் சாற்றை 96 சின்னக் கிண்ணங்கள் (வெல்கள்) உள்ள தட்டில், ஆர்பிஎம்ஐ 1640 என்ற திரவ வளர்ப்பு ஊடகத்தில், பாதிபாதியாக நீர்க்கவைத்து 35 டிகிரியில் ஒரு நாள் வைத்தேன். அடர்த்தி கூடிய முதல் இரண்டு வெல்களில் வளர்ச்சியே இல்லை. பெரிய வீரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பூஜ்யமும் இல்லை. கரைப்பானாகச் சேர்த்த டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சாறு இல்லாமல், பூஞ்சையோடு அது மட்டும் சேர்த்த ஒரு வெல்லும் கட்டாயம்.

ஒரு தொல்லை உண்டு: இலைச்சாற்றின் பச்சை நிறத்தில், பூஞ்சை வளர்ந்ததைக் காட்டும் கலங்கல் தெரியாது. ரெசசூரின் என்ற சாயத்தைச் சேர்த்தால் வளர்ச்சி இருக்கும் வெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சில சாறுகள் தாமாகவே நிறத்தை மாற்றிவிடும் என்பதால், பூஞ்சை இல்லாமல் சாறும் ரெசசூரினும் மட்டும் ஒரு வெல்லில் வையுங்கள்.

படர்தாமரைப் பூஞ்சையான டிரைகோஃபைட்டானில் இதை இரண்டு முறைதான் செய்திருக்கிறேன். அது மெதுவாக வளரும், நான்கு நாள் வைக்கவேண்டும்; அதற்குள் ஓர வெல்கள் காய்ந்துபோயின. இப்போது ஓர வரிசைகளில் வெறும் தண்ணீர்தான் நிரப்புகிறேன்.