சோக் குமிழுக்கு எட்டாத கை: 1968 மினியில் நான்கு முனை ஹார்னஸ், நான்கு வருடம் கழித்து

போன மாதம் ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு துருப்பிடித்த இடத்தை வெட்டி வெல்டிங் வைத்தபோது, தீப்பொறி பட்டு ஹார்னஸின் (பந்தயக் கார்களில் போடும் வகை இருக்கை பெல்ட்) இடுப்பு வாரில் கடுகளவுக்கு இரண்டு பொத்தல் விழுந்துவிட்டது. பாலியெஸ்டர் உருகி, விளிம்பு கண்ணாடிபோல இறுகிப்போயிருக்கிறது. விரலை ஓட்டினால் முள்ளாகக் குத்துகிறது. வெல்டிங்குக்கு முன்னால் ஹார்னஸைக் கழற்றி வெளியே வைப்பது ஐந்து நிமிட வேலை. பட்டறையில் அதைச் செய்யவில்லை. இது தைத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளும் சாமான் இல்லை. நூல் அறுந்த நாடா எந்த இழுவையில் கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மறுபடியும் அதையே வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தன் மினிக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவரும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இது.

வண்டி 998 சிசி, மார்க் 2 (மினியின் இரண்டாம் பதிப்பு), பக்கவாட்டில் நகர்த்தும் ஜன்னல் கண்ணாடி, பிரிட்டனில் ஓடுகிறது. ஹார்னஸ் இரண்டு தோள் வார், இரண்டு இடுப்பு வார், நடுவில் சிவப்புப் பொத்தான் பக்கிள். சாலை வண்டிக்கான E முத்திரை உள்ளது. பந்தயத்துக்கென்று எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரை மட்டும் உள்ளதைச் சாலை வண்டிக்கு வாங்கிவிட்டு அப்புறம் விழிக்கிறவர்கள் உண்டு. எஃப்.ஐ.ஏ. லேபிளில் காலாவதி ஆண்டும் இருக்கும், பழைய சரக்கு மலிவாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஹார்னஸின் விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். முதல் செலவு இருக்கை. மினியின் அசல் இருக்கையின் முதுகு தோளுக்குக் கீழேயே முடிந்துவிடும். அதன்மேல் தோள் வாரைப் போட்டுப் பின்னால் கீழே இழுத்துக் கட்டினால், மோதும்போது வார் உங்களைப் பின்னுக்கு இழுக்காது, தோளைக் கீழே அமுக்கும். முழு பாரமும் முதுகெலும்பில் இறங்கும். தோள் உயரத்தில் துளையுள்ள உயர்முதுகு இருக்கை வேண்டும். அசல் இருக்கை முன்பக்கம் மட்டும் கீலில் நின்று, பின்பக்கம் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பது; புதிய இருக்கையை நான்கு மூலையிலும் பூட்டுங்கள்.

அடுத்தது தோள் வாரின் பின்முனை. மினியில் தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். பின் இருக்கை அடித்தட்டில், குதிகால் பலகை (அதன் முன்பக்கச் செங்குத்துத் தகடு) ஓரத்தில் போல்ட் போடச் சுலபம் என்பதால் பலர் அங்கே முடித்துவிடுகிறார்கள். வார் செங்குத்தாக இறங்கும், மேலே சொன்ன அதே முதுகெலும்புச் சிக்கல்தான். எஃப்.ஐ.ஏ. விதி கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது. 10 டிகிரி அளவில் இருந்தால் உத்தமம். அந்தக் கோணம் கிடைப்பது பின்பக்கச் சாமான் தட்டின் முன்விளிம்பு ஓரத்தில்தான். அங்கே இருப்பதோ ஒற்றைத் தகடு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் குறைந்தது 3 மி.மீ. தடிமனில், 40 சதுர செ.மீ. பரப்பில் எஃகுத் தகடு வேண்டும். 65 மி.மீ.க்கு 65 மி.மீ. வெட்டினால் இந்தக் கணக்கு வரும். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மூலை உடல் தகட்டை வெட்டும். போல்ட் 7/16 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை வகை); கடையில் கிடைக்கும் பெரிய வாஷர் தகட்டுக்கு மாற்று ஆகாது.

துளை போடுவதற்கு முன் ஒன்று. மினியில் பெட்ரோல் டேங்க் டிக்கியின் இடப்பக்கம், அந்தத் தடுப்புத் தகட்டுக்கு அப்பால் இருக்கிறது. இங்கே பயணி இருக்கை இடப்பக்கம் என்பதால், பயணியின் தோள் வாருக்கு டிரில் பிடிக்கும்போது பிட் நேராக டேங்கைப் பார்க்கும். மினியின் கூப்பர் எஸ் வகை என்றால் வலப்பக்கமும் ஒரு டேங்க் உண்டு. பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொள்கிறேன் என்ற சமாதானம் வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, டேங்கை வெளியே எடுத்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். தரைக்கு அடியில் டிக்கியிலிருந்து முன்னால் போகும் பேட்டரி கேபிளும் எரிபொருள் குழாயும் ஓடுகின்றன. இடுப்பு வாருக்குத் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து அவை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லில் துரு இருந்தால் ஆண்டுச் சோதனையில் பெல்ட் முனையைச் சுற்றி 30 செ.மீ. வரை தட்டிப் பார்ப்பார்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனாலேயே நாமே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் சில் வெளியே பெயின்ட்டோடு அழகாகத்தான் இருந்தது.

வாரின் நுனியை மூன்று கம்பிக் கொக்கியில் கோப்பதில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். நாடா வளையத் தலையுள்ள ஐபோல்ட்டைச் சுற்றி வந்து கொக்கிக்குள் நுழைந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். நுனியைத் திருப்பி மறுபடி அதே கொக்கிக்குள் செலுத்தி, குறைந்தது 10 செ.மீ. வால் விட வேண்டும். இல்லாவிட்டால் இழுவையில் சரசரவென்று வழுக்கிக் கழன்றுவிடும். கொக்கி ஐபோல்ட்டை ஒட்டியே நிற்கட்டும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

மினியில் எல்லாமே நடுவில். ஸ்பீடோமீட்டர் நடுவில், அதற்குக் கீழே சாவி, ஸ்விட்சுகள், சோக் குமிழ். இடுப்பு வாரை இறுக்கி, பிறகு தோள் வாரை இறுக்கி (இந்த வரிசைதான் சரி, தோளை முதலில் இழுத்தால் பக்கிள் வயிற்றுக்கு ஏறிவிடும்) உட்கார்ந்தால் சோக் குமிழுக்கு விரல்நுனிகூட எட்டாது. மினியின் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில், குளிரில் சோக் இழுத்துப் பெட்ரோலைக் கூட்டினால்தான் இன்ஜின் பிடிக்கும். ஓரிரு மைலில் இன்ஜின் சூடேறச் சூடேறக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளாமல் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுத்துப் போகும், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஆக ஒவ்வொரு காலையும் முதல் இரண்டு மைல் தோள் வாரைத் தளர்த்தித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்விட்ச் நுனிகளுக்கு நீட்டிப்புக் கம்பி கிடைக்கிறது, போட்டாயிற்று; விளக்கும் வைப்பரும் எட்டுகின்றன. சோக் இழுத்துத் தள்ளும் கம்பி என்பதால் அதற்கு அந்த வழி இல்லை. பார்க்கிங் சீட்டை வாங்க நகர்த்தும் கண்ணாடி வழியாகக் கையை விடுவதும், முக்குத் திரும்புமுன் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பதும் இதே கதைதான்.

இதை வெறும் வசதிக் குறைச்சல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஹார்னஸ் பாதுகாப்பது இறுக்கமாக இருக்கும்போது மட்டும். கையை நீட்டவேண்டித் தளர்த்திய ஹார்னஸில் உடல் முன்னால் பாயும் தூரம் அதிகம். தளர்ந்த தோள் வார் விறைக்கும்போது இடுப்பு வாரை மேலே இழுக்கும். கால்கவட்டு வார் இல்லாத நான்கு முனையில் இடுப்பு அதற்கடியில் வழுக்கிப் போய், வார் எலும்பை விட்டு வயிற்றில் அழுந்தும். சாதாரண இனெர்ஷியா ரீல் பெல்ட்டில் நீட்டலாம், குனியலாம், மோதினால் அதுவாகப் பூட்டிக்கொள்ளும். பக்கிளைக் குளிரில் விறைத்த விரலோடு தேடும் நேரங்களில் அந்த ரீலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, பிறகு ஏன் நான்கு வருடம் கழற்றவில்லை? ஒரே காரணம், வளைவு. மினியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. 10 அங்குலச் சக்கரம் நான்கு மூலையிலும் நிற்கிறது. வண்டி சாய்வதே இல்லை, சாய்வது நாம்தான். அசல் இருக்கையில் வலது வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் உட்காருவோம், திருப்புவதற்கென்று கையில் பாதி பலம்தான் மிச்சமிருக்கும். ஹார்னஸ் இறுக்கியதும் அந்தத் தொங்கல் போய்விடுகிறது. தோள் இருக்கையோடு ஒட்டி நிற்க, ஸ்டீயரிங்கை விரலால் பிடித்தால் போதும். முன்சக்கரம் பிடி விடத் தொடங்கும் அந்த மெல்லிய தளர்வு கைக்கு வந்து சேருகிறது. தொங்கிக்கொண்டிருந்தபோது அது வந்ததே இல்லை. பிரெஸ்காட் மாதிரி மலையேற்றக் கார் பந்தயப் பாதையில் இதற்கு ஈடாக எந்த உதிரிப் பாகத்தையும் சொல்ல மாட்டேன், கார்புரேட்டர் உட்பட.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) பற்றி நண்பர் கேட்டார். முதன்மை வளையத்தில் குறுக்குக் குழாய் வைத்துத் தோள் வாரைச் சுற்றுவதுதான் சரியான கட்டு. கோணமும் சரியாக வரும், நாடாவின் நீளமும் குறைவதால் மோதலில் அது இழுபடுவதும் குறையும். ஆனால் கூரை 1.35 மீட்டர் உயரத்தில் இருக்கிற வண்டியில் ஹெல்மெட் இல்லாத தலைக்கு அருகே எஃகுக் குழாய் வரும். அன்றாடம் ஓட்டுகிற காரில் அதை வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே நண்பருக்கு: வாங்காதீர்கள். தினமும் வேலைக்குப் போகும் மினி உங்களுடையது, இனெர்ஷியா ரீல் போடுங்கள், நல்ல இருக்கை போடுங்கள். என் வண்டியிலும் பயணி பக்கம் அடுத்த வாரம் ரீலுக்கு மாறுகிறது, ஓட்டுநர் பக்கத்திலும் தினசரிக்கு ரீல் வரும், தனித் துளையில், தனி போல்ட்டில். ஒரே போல்ட்டில் இரண்டு பெல்ட்டைச் செருகினால் மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும்.

ஓட்டுநர் பக்கத்துக்குப் புது ஹார்னஸும் நேற்றிரவே சொல்லியாயிற்று. அதே மாதிரி, அதே சிவப்புப் பொத்தான்.