வீட்டு ரௌட்டர்ல டிஹெச்சிபி, நாலு வருஷ அனுபவம்

முதல்ல ஒண்ண ஒத்துக்குறேன், ஆரம்பத்துல நான் டிஹெச்சிபிய, அதாவது நெட்வொர்க்ல சேர்ற ஒவ்வொரு டிவைஸுக்கும் ஐபிங்கிற அட்ரஸ் நம்பர ரௌட்டரே தானா குடுக்குற வசதிய, ஆஃப் பண்ணி வெச்சிருந்த ஆளு. ஒவ்வொரு டிவைஸுக்கும் நானே கையால 192.168.1.10, 11, 12னு ஐபி போட்டு ஒரு நோட்ல எழுதி வெச்சு, என்னமோ பெரிய நெட்வொர்க் அட்மின் மாதிரி நெனப்பு. ரெண்டே மாசம்தான். லேப்டாப்ப வெளிய எடுத்துட்டுப் போனா அங்க நெட் வராது, ஏன்னா லேப்டாப் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல நான் போட்ட ஐபி அப்படியே உக்காந்திருக்கும். வீட்டுக்கு யாராவது வந்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்டா அவங்க போன்லயும் நான்தான் போய் ஐபி டைப் பண்ணணும். மானம் போச்சு.

சரின்னு டிஹெச்சிபிய ஆன் பண்ணேன், ஆனா பழைய புத்தி போகல, ரௌட்டர் குடுக்கலாம்ங்கிற நம்பர் ரேஞ்ச 192.168.1.100ல இருந்து 119 வரைக்கும் மட்டும் குடுத்து லீஸ் டைம், அதாவது ஒரு டிவைஸுக்கு குடுத்த ஐபி அது பேர்லயே இருக்குற காலம், 7 நாள்னு வெச்சேன். ஒரு நாள் சொந்தக்காரங்க கூட்டமா வந்தாங்க, அதுக்கப்புறம் புதுசா கனெக்ட் பண்ற எந்த போனும் "ஐபி அட்ரஸ் பெறுகிறது"லயே நிக்குது, லேப்டாப்ல பாத்தா 169.254ல ஆரம்பிக்கிற ஒரு ஐபி. அந்த நம்பர் வந்தா டிஹெச்சிபி சர்வர்ட்ட இருந்து பதிலே வரலைன்னு அர்த்தம். வந்தவங்க கெளம்பிப் போயும் அவங்க போன் எடுத்த அட்ரஸெல்லாம் ஒரு வாரம் வரைக்கும் புக் ஆகியே கெடந்துச்சு, மொத்தமே 20தான் இருந்துச்சு. இப்ப 100 டு 199, லீஸ் 24 மணி நேரம். அதுக்கப்புறம் இந்தப் பிரச்சனை வந்ததே இல்ல. நெட்டுல இருக்குற டிவைஸ் லீஸ்ல பாதி டைம் முடியறப்பவே தானா ரினியூ பண்ணிக்கும், அதனால நடுவுல கட் ஆகுமோன்னு பயப்பட வேணாம்.

பிரிண்டர்தான் ரொம்ப படுத்துச்சு. நாலஞ்சு நாள் ஆஃப்ல இருந்துட்டு ஆன் பண்ணா வேற ஐபி வாங்கிட்டு வந்துடும், கம்ப்யூட்டர் பழைய ஐபியவே புடிச்சுத் தொங்கிட்டு ஆஃப்லைன்னு சொல்லும். பிரிண்டர்லயே ஸ்டேடிக்கா, அதாவது மாறாத ஐபியா, 105 போட்டுப் பாத்தேன், அது ரேஞ்சுக்குள்ள இருக்குற நம்பர்ங்கிறது அப்ப தோணல, ரௌட்டர் அதே 105அ ஒரு போனுக்கும் குடுத்து ரெண்டும் முட்டிக்கிச்சு. கடைசில ரௌட்டர்லயே அட்ரஸ் ரிசர்வேஷன் போட்டு, பிரிண்டரோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க்ல ஒரு டிவைஸ அடையாளம் காட்டுற நம்பர்) எப்பவும் ஒரே ஐபி வர்ற மாதிரி கட்டி வெச்சேன், இத மொத நாளே பண்ணிருக்கணும். போனுக்கு ரிசர்வேஷன் போடறவங்க மட்டும் கவனிங்க, ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14ல இருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் தனியா ஒரு மேக் அட்ரஸ் காட்டும், பாக்ஸ்ல அச்சடிச்சத போட்டா வேலைக்கு ஆகாது, அந்த வைஃபை செட்டிங்ஸ்ல என்ன காட்டுதோ அத போடுங்க.

இன்னொண்ணு, பழைய ரௌட்டர மாடி ரூம்ல வைஃபைக்காக லேன் போர்ட்ல கேபிள் போட்டு வெச்சேன், அதோட டிஹெச்சிபிய ஆஃப் பண்ண மறந்துட்டேன். வீட்ல பாதி போனுக்கு நெட் இருக்கு பாதிக்கு இல்ல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இதுக்கு வருது அதுக்குப் போகுது, பைத்தியம் புடிக்காத கொறதான். கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் (ipconfig /all) அடிச்சு டிஹெச்சிபி சர்வர்ங்கிற லைன பாத்ததும்தான் பழசு குறுக்க பூந்து ஐபி குடுக்குறது தெரிஞ்சுது.

இப்பவும் இருக்குற ஒரே கடுப்பு, ரௌட்டர ரீசெட் பண்ணா ரிசர்வேஷன் எல்லாம் காலி. ரெண்டு தடவ அப்படி போச்சு. இப்ப செட்டிங்ஸ் பேக்கப் ஃபைல் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், கூடவே அந்த பேஜ போட்டோவும் எடுத்து வெச்சிருக்கேன், ஏன்னா ரௌட்டரே மாத்தினா அந்த ஃபைல புது ரௌட்டர் ஏத்துக்காம போகலாம்.