டெயில் கட்டளை: சிறிய எஃப்பா, பெரிய எஃப்பா?

மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் பிளான்ட் வெப்பநிலைப் பதிவுக் கோப்பை லினக்ஸில் டெயில் கட்டளையால் (கோப்பில் புதிதாகச் சேரும் வரிகளைத் திரையில் காட்டுவது) ஓடவிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரே தலைவலி: நள்ளிரவில் லாக்ரொட்டேட் (பழைய பதிவுகளை ஒதுக்கி வைக்கும் நிரல்) கோப்பின் பெயரை மாற்றியதும் திரை அசையாமல் நிற்கும். டெயிலோடு சேர்க்க வேண்டியது சிறிய எஃப்பா (-f), பெரிய எஃப்பா (-F) என்பதே கேள்வி.

பெயர் மாறினால்?
சிறிய எஃப்: திறந்த கோப்பையே பிடித்திருக்கும். படகுக்குப் பெயர் மாற்றி எழுதினாலும் படகு அதேதானே.
பெரிய எஃப்: பெயரையே பார்க்கும். அதே பெயரில் புதுக் கோப்பு வந்ததும் அதற்குத் தாவும்.

செலவு? இரண்டும் இலவசம்.

சோதிக்க இரண்டு டெர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்) போதும். ஒன்றில் டெயில் ஓடட்டும். மற்றதில் எம்வி (mv) கட்டளை கொடுத்துப் பெயரை மாற்றி, எக்கோ (echo) கட்டளையால் புதுப் பெயருக்கு ஒரு வரி, பழைய பெயருக்கு வேறொரு வரி எழுதுங்கள். சிறிய எஃப் முதல் வரியைக் காட்டும், பெரிய எஃப் இரண்டாவதை. கோப்பு காணாமல் போனதையும் பெரிய எஃப் சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (நகல் எடுத்துவிட்டு அதே கோப்பைக் காலியாக்கும் அமைப்பு) போட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை, பெயர் மாறாது.

நாள்கணக்கில் ஓடும் கண்காணிப்புக்குப் பெரிய எஃப். முடிந்ததும் பெயர் மாறும் டவுன்லோட் கோப்பைக் கடைசிவரை பார்க்கச் சிறிய எஃப்.