முன் ஸ்பிரிங் கட்டு மாற்றியதும் கோணிக்கொண்ட ஸ்டீரிங்: 18 மாத ஓட்டத்துக்குப் பிறகு

வண்டி, நீலகிரியில் கேத்திப் பக்கம் காரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப். திரும்பி ஏறும்போது பெரும்பாலும் காலி. முன்பக்கம் கட்டை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புக் கட்டை), இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய கட்டு), பவர் ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் திருப்பத்தைச் சக்கரப் பக்கம் கடத்தும் பல்பெட்டி). முன் ஸ்பிரிங் கட்டு இரண்டு, ஷேக்கிள் புஷ், யு போல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் ஒரே மூச்சில் மாற்றியது. அதற்குப் பிறகு 18 மாதம், ஏறத்தாழ 40,000 கி.மீ. ஓடிவிட்டது.

பட்டறையை விட்டு வெளியே வந்தபோது வண்டி நேராகத்தான் போனது. ஸ்டீரிங் மட்டும் பன்னிரண்டு மணியில் நிற்காமல் பதினொன்றில் நின்றது.

இதற்கு எங்கே போனாலும் முதலில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: நடு நட்டைக் கழற்றி, ஸ்டீரிங் வீலை உருவி, அது உட்காரும் தண்டின் பல்வரிசையில் இரண்டு மூன்று பல் தள்ளி மாட்டுவது. பல் 36 இருந்தால் ஒன்றுக்கு 10 டிகிரி. பத்து நிமிடத்தில் பார்வைக்கு நேராகிவிடும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். பாக்ஸுக்குள் நடுப்பகுதியில் பல் இறுக்கமாகவும், ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் உட்காரும்படிதான் செய்திருப்பார்கள். வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இல்லையென்றால், அந்தத் தளர்வு முழுக்கக் கைக்கு வரும். மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போது ஆக்சிலில் உள்ள ஸ்டாப் போல்ட் தட்டும் முன்பே பாக்ஸ் தன் கடைசிக்குப் போய் முட்டும். கல்லாறு தாண்டி குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்க வளைவில் ரிவர்ஸ் போட்டுத் திருப்ப வேண்டிவந்தால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

புது கட்டு போட்டால் ஸ்டீரிங் ஏன் கோணுகிறது? பாக்ஸ் சேஸில் இருக்கிறது, ஸ்டீரிங் ஆர்ம் ஆக்சிலோடு இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் கம்பி டிராக் லிங்க். புது கட்டில் வளைவு அதிகம் என்பதால் சேஸ் உயர்ந்து நிற்கும். டிராக் லிங்க் முன்பைவிடச் சரிவாகும், அதன் நீளம் போதாமலோ மிஞ்சியோ போகும். ஆக, திருத்த வேண்டியதும் டிராக் லிங்கின் நீளத்தைத்தான்.

ஆனால் அதைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில், ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட். அதன் தலை ஆக்சில் குழியில் சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்க ஆக்சில் பின்னால் நகர்ந்திருக்கும். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி உட்கார வைக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. இரண்டாவது, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருந்த ஆப்புத் தகடு. பழைய கட்டோடு சேர்த்து அதையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அல்லது தடித்த பக்கத்தை முன்பின்னாக மாற்றி வைக்கிறார்கள். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு, கெட்டுவிடும், வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. மூன்றாவது டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு. கட்டை ஆக்சிலில் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் நீளத்தை மாற்றினால் ஸ்டீரிங்கின் நடுவும் கொஞ்சம் நகரும். அதனால் டோ-இன் முதலில், நடு கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை.

இவற்றுக்கு மேல் மலைக்கே உரிய ஒரு சிக்கல்: சமதளம். ஊட்டியில் தளம் மட்டமாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. கட்டட மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் லெவலை (நீர்மட்டக் குழாய்) வாங்கி நான்கு டயர் நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். முன் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்க வேண்டும்.

அடுத்து டிராக் லிங்கை ஒரு முனையில் கழற்றி, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் திருப்பி எண்ண வேண்டும். நாலரைச் சுற்று வந்தால், ஒரு கோடியிலிருந்து இரண்டே கால் சுற்றில் நடு. அந்த இடத்தில் ஸ்டீரிங் வீலின் குறுக்குக் கம்பி மட்டமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், யாரோ முன்பே பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் வீலைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு. பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டி டிராக் லிங்கைத் தள்ளும் டிராப் ஆர்மில் உள்ள குறியும் பாக்ஸ் ஷாஃப்ட் குறியும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

முன் சக்கரங்களை நேராக்க நூல் போதும். பின் டயரின் பக்கவாட்டை ஒட்டி நூலை முன்னால் இழுத்துப் பிடித்து, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக வரும்வரை சக்கரங்களைத் திருப்ப வேண்டும். பின்பு லிங்கை மாட்டி, லிங்கின் நீளத்தை மாற்றும் மரைக்குழாயான ஸ்லீவின் கிளாம்ப் இரண்டையும் தளர்த்த வேண்டும். நீலகிரி ஈரத்தில் இந்த ஸ்லீவ் துருப்பிடித்துக் கல்லாக இருக்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விடாதவர்கள் மறுநாள் மரையைக் கெடுப்பார்கள். ஒருவர் அடியில் படுத்து ஸ்லீவைத் திருப்ப, இன்னொருவர் கேபினில் உட்கார்ந்து பார்த்தால், சக்கரம் அசையாமல் தரையில் நிற்க, ஸ்டீரிங் வீல் மட்டும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது தெரியும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். வீலைக் கையால் பிடிக்கக் கூடாது. கம்பி மட்டமானதும் நிறுத்தச் சொல்வதுதான் அவர் வேலை.

எவ்வளவு திருப்பினால் எவ்வளவு நகரும்? ஸ்லீவின் ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரை, மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 3 மி.மீ. மாறும். டிராப் ஆர்ம் 200 மி.மீ., பாக்ஸ் விகிதம் 20:1 (வீல் 20 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி) என்று வைத்தால், அது வீலில் சுமார் 17 டிகிரி. பதினொரு மணியில் நின்ற வீலுக்கு இந்தக் கணக்கில் இரண்டு சுற்றுக்கும் சற்றுக் குறைவு. இரு முனையிலும் மரை ஏறக்குறைய ஒரே அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து கிளாம்பை இறுக்க வேண்டும். முனையைக் கழற்றியபோது எடுத்த கோட்டர் பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுவது நல்லது. துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்துவது தவறு. அடுத்த பள்ளம் வரை இறுக்க வேண்டும்.

ஒரு முறையில் வேலை முடிந்தது என்று எண்ணினால் ஏமாற்றம்தான். புது கட்டு லோடு ஏற ஏறப் படியும். 500 கி.மீ.யில், லோடோடு, யு போல்ட்டைக் குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்கியது அவசியமாக இருந்தது. நட்டுகள் கால் சுற்று வாங்கின. 2,000 கி.மீ. வாக்கில் வீல் எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஸ்லீவில் அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதில் சரியானது. அதன் பிறகு கை வைக்கவில்லை.

இன்னொன்று, காலி வண்டியில் நடு வைத்தால் லோடில் கோணும், லோடில் வைத்தால் காலியில் கோணும். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் போகும் பாதையும் டிராக் லிங்க் போகும் பாதையும் ஒன்றல்ல. பாதி லோடில் வைப்பார்கள் சிலர். இறங்கும் லோடில் வைப்பதே இந்த வண்டிக்குச் சரி. காலியாக ஏறும்போது வீல் ஒரு விரல் அளவு சாய்ந்து நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

சோதனை ஓட்டத்தை மலையில் செய்வது வீண். நேரான இடமே கிடையாது, இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒரு பக்கம் இழுத்தால் அதையும் அலைன்மென்ட் கணக்கில் எழுதிவிடுவோம். மேட்டுப்பாளையம் தாண்டி காரமடைப் பக்கச் சாலையில், பிரேக் ஆறிய பிறகு பார்க்கலாம். சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால் வண்டி லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. அதிகமாக இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தெரியும்: இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது.

18 மாதத்தில் மாற்ற வேண்டிவந்தது டிராக் லிங்கின் ஒரு பால் ஜாயிண்ட் மட்டும். ரப்பர் உறை கிழிந்து, இரண்டாவது மழையில் சேறு புகுந்துவிட்டது. கழற்றுவதற்கு முன் ஸ்லீவிலிருந்து ராடு வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி வைத்ததால் புதியதும் அதே இடத்தில் உட்கார்ந்தது. அந்தக் கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: வண்டி கழுவும்போது குனிந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கிறதா, கிளாம்ப் நழுவியிருக்கிறதா என்று ஸ்பேனர் எடுக்காமலே தெரிகிறது.