பாத்டப் சுவரில் சிமெண்ட் போர்டும் வாட்டர்ப்ரூஃப் பூச்சும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பாத்டப்பைச் சுற்றியுள்ள மூன்று சுவர்களுக்கும் சிமெண்ட் போர்டு (டைல் ஒட்டுவதற்கான சிமெண்ட் பலகை) அடித்து, ரப்பர் மாதிரி காயும் வாட்டர்ப்ரூஃப் பூச்சைத் தடவி, டைல்ஸ் ஒட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. தினமும் எல்லோரும் ஷவரில் குளிக்கும் வீடு. இதுவரை ஒரு டைல்கூடத் தளரவில்லை, பின்பக்க அறைச் சுவரில் ஈரமும் ஏறவில்லை.

டைல் ஒட்டினாலே தண்ணீர் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டைல் தடுக்கும், டைல்களின் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் க்ரௌட் தடுக்காது. சிமெண்ட் போர்டும் நனைந்தால் ஊதாது, அவ்வளவுதான். உறிஞ்சிய ஈரத்தைப் பின்னால் அதைத் தாங்கும் சுவர்ச் சட்டங்களுக்குக் கடத்திவிடும். அதனால் பூச்சு கட்டாயம். அதைப் பூசுகிறோம் என்றால் போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே மாட்டிய ஈரம் காய வழியே இருக்காது.

உழைப்பெல்லாம் இணைப்புகளில்தான். போர்டுகளுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவை 20 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்கினேன். இடைவெளியில் டைல் பசையை அழுத்தி நிரப்பி, மேலே வலை போன்ற மெஷ் டேப். அது காரத்தைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண டேப்பைச் சிமெண்ட் நாளடைவில் அரித்துவிடும்.

அப்புறம் தூசி. போர்டு முழுவதையும் ஈர ஸ்பாஞ்சால் துடைக்காமல் பூச்சு பூசவே கூடாது. தூசியில் பிடிப்பு இருக்காது, வறண்ட போர்டும் பூச்சிலுள்ள நீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். நான் வாங்கிய பூச்சு ஈரத்தில் இளஞ்சிவப்பு, காய்ந்ததும் அடர்சிவப்பு; காய்ந்ததா என்று நிறமே சொல்லிவிடும். முதல் கை கிடைமட்டமாக, காய்ந்தபின் இரண்டாவது கை செங்குத்தாக. டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். அங்கெல்லாம் மறுபடி பிரஷ் வைத்தேன். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவையும் கணக்குப் பாருங்கள். சுவர் முடிந்தும் பூச்சு நிறைய மிஞ்சினால், மெல்லிசாகப் பூசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பராமரிப்பு கேட்டது டப் விளிம்பு ஒன்றுதான். டப்பும் சுவரும் தனித்தனியாக அசைவதால் அங்கே க்ரௌட் விரிசல் விடும்; அசைவுக்கு நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கான்தான் சரி. அக்ரிலிக் டப் என்றால் தண்ணீர் நிரப்பி, எடையில் சற்று இறங்கிய நிலையில் சிலிக்கான் அடித்து, காயும்வரை தண்ணீரை விட்டுவைக்க வேண்டும். என் டப்பில் ஒரு மூலையில் சிலிக்கான் கறுத்து உரிந்தது. அதன் மேலேயே புதிது அடித்தால் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு அடித்தேன். உள்ளே பூச்சு அப்படியே இருந்தது.